ஒரு நாள்தானே, சாப்பிட்டால் என்ன?

தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கல்லூரி விடுதியிலிருந்து ஊருக்கு வரும் பிள்ளைகளில் சிலர் இப்போதெல்லாம் அழுக்குத் துணி மூட்டையோடு ஒரு வம்பையும் சேர்த்துக் கொண்டுவருகிறார்கள். கறி, மீன், முட்டை வேண்டாம் என்பதோடு நிற்பதில்லை. பால், தயிர், மோர், வெண்ணெய், நெய், தேன் எதுவும் ஆகாதாம். வீகனாம். அதன்பின் நடப்பது திருநெல்வேலியானாலும் திருவள்ளூரானாலும் ஒன்றுதான். சித்தப்பா சிரிக்கிறார். அத்தை, "அப்போ காப்பிகூடக் கிடையாதா?" என்று கன்னத்தில் கைவைக்கிறார். அம்மா ஒன்றும் சொல்லாமல் அடுப்படிக்குப் போய்விடுகிறார். கடைசியில் அப்பாவின் தீர்ப்பு வருகிறது: "நல்ல நாளும் அதுவுமா வீட்ல பிரச்சினை பண்ணாத. ஒரு நாள்தானே, சாப்பிட்டா என்ன? நாளையிலேர்ந்து உன் இஷ்டம்."

நியாயமான பேச்சாகத்தான் காதில் விழுகிறது. தொலைக்காட்சிப் பட்டிமன்றத்தில் சொன்னால் கைதட்டலே கிடைக்கும். பண்டிகைச் சாப்பாடுதான் குடும்பம், அதை மறுப்பவன் குடும்பத்தை மறுக்கிறான். அவன் பிடித்துக்கொண்டு தொங்கும் கொள்கையோ வெள்ளைக்காரன் ஊர்ச் சரக்கு, வசதி உள்ளவர்களின் பொழுதுபோக்கு. கொஞ்சம் சுரண்டினால் உள்ளே பழைய சாதிச் சைவம் பல்லிளிக்கும். போகட்டும், பால் கறப்பதில் யார் செத்துப்போனார்கள்? வரிசையாக வரும். பழமைவாதியும் முற்போக்காளரும் ஒரே அணியில் தோளோடு தோள் உட்காரும் அபூர்வமான தலைப்பு இது. நான் எதிரணியில் பேசப்போகிறேன்.

என் யோக்கியதையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் வீகன் இல்லை. மீன் குழம்பு இல்லாத ஞாயிறு எனக்கு ஞாயிறாகவே தோன்றாது. கடைசி வாய்ச் சோற்றைத் தயிர் ஊற்றி முடிக்காவிட்டால் சாப்பிட்டதாகவே கணக்கில்லை. கல்லூரியில் பாடம் நடத்துகிறேன், சில காலம் விடுதிப் பொறுப்பும் பார்த்தேன். இந்தப் பிள்ளைகளைக் கொஞ்சம் பக்கத்திலிருந்து பார்த்த பழக்கம் உண்டு. அவர்கள் சொல்வதெல்லாம் எனக்குச் சம்மதம் என்பதால் பேசவில்லை. அவர்களுக்கு எதிராகச் சொல்லப்படுபவை இவ்வளவு ஓட்டையாக இருப்பது பொறுக்காமல் பேசுகிறேன்.

அந்த 'ஒரு நாள்' கணக்கையே முதலில் எடுத்துக்கொள்வோம். விரதத்துக்கு இடம்கொடுத்துப் பழகியதில் தமிழ் வீடுகளுக்கு இணை கிடையாது. புரட்டாசி பிறந்தால் கறிக்கடைக்காரர் ஈ ஓட்டுகிறார். கார்த்திகை முதல் தேதி அப்பா சபரிமலைக்கு மாலை போட்டுக்கொண்டால் ஒரு மண்டலத்துக்கு வீட்டின் நடைமுறையே மாறிவிடுகிறது. கறிச்சட்டி பரணுக்கு ஏறுகிறது, பாத்திரமெல்லாம் புளி போட்டுத் தேய்க்கப்படுகிறது, சின்னப் பையன்கூட அப்பாவை 'சாமி' என்று கூப்பிடுகிறான். இந்த நேரம் பார்த்து உறவில் ஒரு கல்யாணம் வந்து, பந்தியில் பிரியாணி போட்டால், மாலை போட்டவருக்குத் தனியாக ஏற்பாடு செய்துவிட்டுத்தான் மற்றவர்கள் கை நனைப்பார்கள். "ஒரு நாள்தானே சாமி, ரெண்டு துண்டு போட்டுக்குங்க" என்று யாராவது சொல்வார்களா? கிறிஸ்தவ வீடுகளில் தவக்காலம் முழுக்கக் கறியை ஒதுக்கும் பாட்டிமார் இருக்கிறார்கள். அவர்களுக்கென்று தனிக் குழம்பு கொதிக்கிறது. ரமலான் மாதம் நோன்பு வைத்திருக்கும் நண்பனுக்கு எதிரே டீ குடிக்கக்கூட நாம் கூச்சப்படுகிறோம். பெரியப்பாவுக்குச் சர்க்கரை என்றால் தீபாவளியன்று அவர் பக்கம் ஜாங்கிரித் தட்டு போகாது. போனால் பெரியம்மா விடமாட்டார்.

ஆக, விலக்கி வைத்தல் நமக்குப் புதிதில்லை. விலக்குபவரைச் சுற்றிச் சமையலை மாற்றிக்கொள்வதும் புதிதில்லை. சாமி சொன்னால் சரி, டாக்டர் சொன்னால் சரி, சாதி சொல்லிவிட்டால் கேள்வியே கிடையாது. இருபது வயதுப் பிள்ளை படித்து, பார்த்து, தானே யோசித்து ஒன்றை விலக்கினால்தான் 'ஒரு நாள்தானே' வருகிறது. கோபம் நெய்யைப் பற்றியது இல்லை. இந்த முடிவுக்கு மேலிடத்து உத்தரவு எதுவும் இல்லையே என்பதுதான் உறுத்துகிறது. பெரியவர்களைக் கேட்காமல், சாமியைக் கேட்காமல், ஒரு பெண் தன் தட்டில் எது விழலாம் என்று தானே தீர்மானித்துவிட்டாள்! நாளை எதையெல்லாம் தீர்மானிப்பாளோ என்ற கவலை அவள் வேண்டாமென்ற நெய்க் கேசரித் தட்டின் பின்னால் நிற்கிறது. படிப்பையும் கல்யாணத்தையும் பற்றிய சண்டைக்கு நெய் ஒத்திகை.

இந்த நாட்டில் ஒரு மாணவரின் உணவுப் பிடிவாதம் நன்றாகப் பதிவாகியிருக்கிறது. 1888-இல் சட்டம் படிக்க லண்டன் போன காந்தி, புலால் தொடுவதில்லை என்று தாயாரிடம் சத்தியம் செய்துவிட்டுக் கப்பல் ஏறியவர். அங்கே அவருக்கு நேர்ந்தது இன்றைய வீகன் பிள்ளைக்குச் சொந்த வீட்டில் நேர்வதுதான். உப்புச்சப்பில்லாத வேகவைத்த கீரையும் ரொட்டியும் தின்று அரைப்பட்டினி கிடந்தார். அவர்மீது உண்மையான அக்கறை கொண்ட நண்பர் ஒருவர் அவரைக் கறி தின்ன வைப்பதற்காகப் புத்தகம் படித்துக் காட்டினார். பெரிய ஹோட்டல் ஒன்றுக்கு அழைத்துப்போனார். பந்தி நடுவே பரிசாரகரைக் கூப்பிட்டு இந்த சூப்பில் கறி உண்டா என்று இவர் விசாரிக்க, நாகரிகமான இடத்துக்கு நீ லாயக்கில்லை, வெளியே போய்க் காத்திரு என்று அதே நண்பர் எரிந்து விழுந்தார். காந்தி எழுந்து வெளியே போனார். அன்று ராத்திரி பட்டினி. நட்பு முறியவில்லை, விரதமும் முறியவில்லை. வழக்கறிஞராவதற்குக் கட்டாயமாகக் கலந்துகொள்ள வேண்டிய விருந்துகளிலும் இதே கதைதான்; ஆனால் அங்கே நால்வருக்கு இரண்டு புட்டி ஒயின் கணக்கு என்பதால், குடிக்காத காந்தியைத் தங்கள் மேசையில் சேர்த்துக்கொள்ள மற்ற மாணவர்கள் போட்டி போட்டார்கள். மறுப்பவரோடு பந்தியில் உட்காருவதில் இப்படியும் ஒரு லாபம்.

இந்தக் கதையை 'பார், தாய் சொல்லைத் தட்டாத பிள்ளை' என்று முடித்துவிடுவது வழக்கம். அதற்குப் பிறகு நடந்ததுதான் நமக்கு வேண்டியது. ஃபாரிங்டன் தெருவில் ஒரு சைவ உணவகத்தைக் கண்டுபிடித்து, அங்கே விற்பனைக்கு இருந்த ஹென்றி சால்ட்டின் சிறு புத்தகத்தை வாங்கிப் படித்த பிறகு, சத்தியத்துக்காகச் சைவமாக இருந்தவர் தன் விருப்பத்தால் சைவமானார். அதை அவரே பதிவு செய்திருக்கிறார். தென்னாப்பிரிக்காவில், தமிழ்க் குடும்பங்களும் வாழ்ந்த டால்ஸ்டாய் பண்ணையில், 1912-இல் பாலையும் விட்டார். கறவை மாடுகளுக்கு இழைக்கப்படும் கொடுமைகளைப் பற்றிப் படித்தது அதற்கு ஒரு காரணம். பின்னால் கடும் நோயில் ஆட்டுப்பாலுக்கு இறங்கிவந்ததைக் கடைசிவரை தன் தோல்வியாகவே நினைத்தார். பாலை விட வேண்டும் என்று அவரிடம் எந்த அம்மாவும் சத்தியம் வாங்கவில்லை. படித்தார், யோசித்தார், விட்டார். நம் வீட்டுப் பிள்ளை செய்தால் மட்டும் இது கிறுக்கு.

சரி, அம்மாவின் மனசு? இதுதான் மற்ற எல்லாவற்றையும்விடக் கனமான வாதம், லேசாகத் தள்ளக்கூடாது. விடிகாலை நான்கு மணிக்கு எழுந்து, பிள்ளைக்குப் பிடிக்குமே என்று செய்துவைத்ததை அந்தப் பிள்ளை தொடமாட்டேன் என்றால் வலிக்கத்தான் செய்யும். ஆனால் கவனித்துப் பாருங்கள், 'அம்மா மனசு புண்படும்' என்று உரக்கச் சொல்பவர் பெரும்பாலும் அம்மா இல்லை. கூடத்தில் பேப்பரோடு உட்கார்ந்திருக்கும் ஆள். அந்த ஆள் அடுப்படிக்குள் கடைசியாக எப்போது போனார் என்று விசாரித்தால் நல்லது. வீகனாகிவிட்ட பிள்ளைக்கோ அந்த வசதி இல்லை; தன் பங்கைத் தானே செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. நான் அறிந்த பையன்களில் தேங்காய் துருவக் கற்றுக்கொண்டவர்கள், பாகுப்பதம் பார்க்கத் தெரிந்தவர்கள் எல்லாம் இந்தக் கூட்டத்தில்தான் அதிகம். பண்டிகைக்கு முந்தின ராத்திரி அம்மாவோடு உட்கார்ந்து முறுக்கு பிழிபவன் குடும்பத்தை மறுக்கிறானா, அல்லது பிழிந்து வைத்ததைப் படுத்துக்கொண்டே தின்பவன் மறுக்கிறானா?

முறுக்கு என்றதும் பலகாரத் தட்டு ஞாபகம் வருகிறது. நெய்யும் பாலும் இல்லாவிட்டால் பண்டிகை செத்துப்போகும் என்பவர்கள் தட்டைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். அதிரசம் அரிசி மாவும் வெல்லப்பாகும், எண்ணெயில் வேகிறது. சுசியமும் எண்ணெய்ப் பலகாரம்தான். தென்கோடியில் முந்திரிக்கொத்து பாசிப்பயறும் தேங்காயும் வெல்லமும். எள்ளுருண்டை, பொருள்விளங்கா உருண்டை, தேன்குழல், தட்டை, ஓட்டுப் பக்கோடா: வெண்ணெய் சேர்ப்பவர் சேர்ப்பார், சேர்க்காவிட்டால் ஒன்றும் குடிமுழுகாது. திருநெல்வேலிக் கல்யாணத்தின் மறுவீட்டு விருந்துக்கு ராஜாவான சொதி முழுக்கத் தேங்காய்ப்பாலில் ஆவது. மதுரைத் தெருவோரப் பருத்திப்பாலில் பசுவுக்கு என்ன வேலை? பொங்கல் பானையில்கூட, அரிசி களைந்த தண்ணீரை ஊற்றிப் பொங்கவிடும் வீடுகள் எத்தனையோ. நுரை கட்டிக்கொண்டு வழியத்தான் வழிகிறது. சூரியன் ஒன்றும் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

இன்னொன்றும் உண்டு, அதைச் சொன்னால் பழைய தலைமுறை சிரித்துவிடும். டால்டா! 1937-இல் சந்தைக்கு வந்த அந்த டப்பா, பிறகு நம் தீபாவளியைப் பல பத்தாண்டுகள் ஆண்டது. நெய் கட்டுப்படியாகாத நடுத்தரக் குடும்பங்கள் லட்டும் மைசூர்பாகும் பாதுஷாவும் அதில்தான் செய்தன. டால்டா என்பது கெட்டிப்படுத்திய தாவர எண்ணெய். உடம்புக்கு நல்லதில்லை என்பது வேறு விஷயம். அதில் மாடு கிடையாது என்பது இந்த விஷயம். கையில் காசில்லாமல் நெய்யை விட்டால் அது சிக்கனம், மனசாட்சிக்காக விட்டால் பண்பாட்டுத் துரோகம். இந்தக் கணக்கு எனக்குப் புரியவில்லை. பாக்கெட் மாவில் உருட்டிய குலோப்ஜாமூன் நம் தீபாவளிக்குள் நுழைந்தபோது யாரும் வாசலில் மறிக்கவில்லை. சர்க்கரைப் பொங்கலின் முந்திரி போர்ச்சுகீசியர் பிரேசிலிலிருந்து கொண்டுவந்தது. மிளகாயும் உருளைக்கிழங்கும் நிலக்கடலையும் அதே அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. இத்தனைக்கும் இடம்கொடுத்த பானை ஒரு மூடித் தேங்காய்ப்பாலுக்கு உடைந்துவிடாது.

பால் பெருகிய பண்டிகையே அண்மைக் காலத்தது. 1970-இல் வெண்மைப் புரட்சித் திட்டம் தொடங்கிய நாளில் இந்தியாவில் ஆளுக்கு ஒரு நாளைக்குக் கிடைத்த பால் சராசரியாக 110 கிராம் அளவில்தான் இருந்தது. 2022-23 கணக்கில் அது 459 கிராம். நான்கு மடங்கு. அன்றைக்கு மாடு வைத்திருந்த ஏழை வீட்டிலும் பால் விற்பனைக்குப் போனது. வீட்டுக்காரர்கள் குடித்தது நீராகாரமும் கருப்பட்டிக் காப்பியும். கன்னத்தில் கைவைத்த அத்தைக்குப் பதில் அவருடைய அம்மாவிடமே இருந்தது: பால் ஊற்றாத கடுங்காப்பி.

'பால் கறப்பதில் யார் செத்தார்கள்' என்பதற்கு வருவோம். வீகன் பிள்ளைகளைப் பார்த்து எல்லோரும் கேட்கும் கேள்வி இது, பதிலுக்குக் காத்திராமல் கேட்கும் கேள்வி. மாடு கன்று ஈன்றால்தான் பால். பிறப்பதில் பாதி கிடாரி, பாதி காளை. உழவுக்கு டிராக்டர் வந்துவிட்டது, சினைக்கு ஊசி வந்துவிட்டது. காளைக்கன்றுக்கு வேலை இல்லை. 2019 கால்நடைக் கணக்கெடுப்பில் பசுக்கள் மட்டும் சுமார் 14 கோடியே 50 லட்சம். காளையும் எருதும் சேர்த்து 5 கோடிக்கும் கீழே. எருமையில் இது இன்னும் அப்பட்டம்: மொத்தம் 11 கோடி போல, அதில் பெண் எருமை மட்டும் 10 கோடி. சம எண்ணிக்கையில் பிறந்தவை எங்கே போயின? பால் குடிக்க விடாமல் காய்ந்து செத்தவை சில, சந்தைக்குப் போனவை மற்றவை. கறவை வற்றிய பசுவுக்கும் அதே வழி. செவ்வாய், வியாழனில் பொள்ளாச்சி மாட்டுச்சந்தைக்குப் போய்ப் பார்த்தால் லாரிகள் கேரளாவை நோக்கித் திரும்பி நிற்பது தெரியும். எருமைக்கறி ஏற்றுமதியில் இந்தியா உலகின் முன்வரிசையில் இருப்பதும் பால் உற்பத்தியில் முதலிடத்தில் இருப்பதும் இரண்டு தனிக் கதைகள் இல்லை. இதற்காக மாடு வளர்ப்பவரைக் குற்றவாளியாக்க நான் தயாரில்லை. கடனில் வாங்கிய மாட்டின் காய்ந்த மடியைப் பார்த்துக்கொண்டு தீவனம் போட அவரால் முடியாது. மாட்டுக்கறி தின்பவரையும் குறை சொல்லவில்லை. அவர் தட்டில் இருப்பதை அவர் மறைக்கவில்லை. பால் மட்டும் சாப்பிட்டுக்கொண்டு 'நாங்கள் உயிரைக் கொல்வதில்லை' என்பவரைத்தான் கேட்கிறேன்.

வேடிக்கை என்னவென்றால் இந்த உண்மையைத் தமிழ்நாடு முழுக்க முழங்கியதே மாணவர்கள்தான். 2017 ஜனவரியில் மெரினாவில் திரண்ட பிள்ளைகள் என்ன சொன்னார்கள்? ஜல்லிக்கட்டு நின்றால் காளைகளை யாரும் வளர்க்கமாட்டார்கள், அடிமாட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்றார்கள். உபயோகமில்லாத ஆண் மாடு எங்கே போகும் என்பதை அத்தனை லட்சம் பேர் ஒத்துக்கொண்ட வாக்கியம் அது. பால்பண்ணைத் தொழிலைப் பற்றிய அந்த வாக்கியத்தைக் கடைசிவரை வாசித்தவன்தான் வீகன் ஆகிறான். ஆனால் அதே மெரினாவில் விலங்குநல அமைப்பு ஒன்று எதிரியானதால், மாட்டைப் பற்றி இரக்கமாக யார் பேசினாலும் 'பீட்டா ஆள்' என்ற முத்திரை அன்றிலிருந்து நிலைத்துவிட்டது. வெளிநாட்டுச் சதி என்ற குற்றச்சாட்டின் பாதி அங்கே பிறந்தது.

மீதிப் பாதிக்கும் ஆதாரம் பலவீனம். 1944-இல் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சன் என்ற மரவேலை ஆசிரியரும் நண்பர்களும் சேர்ந்து ஒரு சங்கம் தொடங்கியபோது வீகன் என்ற பெயர் பிறந்தது என்பது உண்மை. நடைமுறை அதற்கு மிக மூத்தது. சிரியாவில் பிறந்த கண்பார்வையற்ற கவிஞர் அல் மஅர்ரி, 1057-இல் இறந்தவர், கறியோடு பால், முட்டை, தேனையும் விலக்கி வாழ்ந்து அதைக் கவிதையாகவும் எழுதியவர். பக்ரீத் அன்று உம்மாவின் கைப்பக்குவத்தை எப்படி மறுப்பது என்று தவிக்கும் மாணவிக்கு அவருடைய மரபிலேயே முன்னோடி இருக்கிறார். புலால் மறுத்தலுக்குத் தனி அதிகாரமே வைத்திருக்கும் மொழி நம்முடையது. கால்பந்தும் கணினியும் கம்யூனிசமும் எங்கிருந்து வந்தன என்று கேட்காதவர்கள், நெய்யை மறுப்பவனிடம் மட்டும் பாஸ்போர்ட் கேட்கிறார்கள்.

சாதிக் குற்றச்சாட்டு வேறு தரத்தது. அதைச் சொல்பவர்களிடம் நியாயமான காயம் இருக்கிறது. சென்னையில் 'சைவம் மட்டும்' என்று தொங்கும் வாடகை வீட்டுப் பலகை எதைக் கேட்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். இந்த மாநிலத்தின் அரசியலையே புரட்டிப்போட்ட சண்டைகளில் ஒன்று மாணவர் சாப்பாட்டைப் பற்றியது: 1920-களில் சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி போட்டதை எதிர்த்து வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் எழுப்பிய புயல். ஏறக்குறைய நூறு வருடம் கழித்து, 2018 டிசம்பரில், சென்னை ஐ.ஐ.டி. மெஸ் ஒன்றில் சைவர்களுக்குத் தனி வாசல், தனிக் கைகழுவும் இடம் என்று அறிவிப்பு ஒட்டினார்கள். மாணவர்கள் கொதித்த பிறகு எடுத்தார்கள். 2023-இல் பம்பாய் ஐ.ஐ.டி.யில் தனி மேசை. இந்த வரலாற்றை வைத்துக்கொண்டு, 'நான் அதைச் சாப்பிடமாட்டேன்' என்று ஒருவர் சொல்லும்போது காது கூர்மையாவது இயல்புதான்.

ஆனால் இந்த உதாரணங்களை அடுக்கிப் பார்த்தால் சண்டை எதைப் பற்றியது என்று தெரிகிறது. யார் யாரோடு உட்காரலாம் என்பதைப் பற்றியது. தனிப் பந்தி, தனி வாசல், தனி மேசை. சாதிச் சைவம் பக்கத்து இலையைப் பார்க்கும், பரிமாறுகிற கையைப் பார்க்கும், பாத்திரத்தின் பூர்வீகத்தை விசாரிக்கும். அதன் புனிதப் பொருள்களோ பால், தயிர், நெய், வெண்ணெய். அபிஷேகத்துக்கும் அதுவே, சாப்பாட்டின் முதல் கரண்டிக்கும் அதுவே. வீகன் பெண் கைவைப்பது நேராக அந்தக் கருவறையில். 'உங்கள் நெய்யும் அவர்கள் கறியும் ஒரே மாட்டிலிருந்துதான் வருகின்றன' என்பதைவிடச் சாதிச் சைவத்தை அவமதிக்கும் வாக்கியம் எனக்குத் தெரியாது. மாட்டுக்கறி தின்பவரை ஆசாரக்காரர் வெளியே நிறுத்திவிட்டு நிம்மதியாக இருக்கலாம். தன் தயிர்சாதத்துக்கே கணக்குக் கேட்கும் சொந்தப் பேத்தியை என்ன செய்வார்?

பழைய தீட்டைப் புதுப் பெயரில் தூக்கிக்கொண்டு வருபவர் கிடையவே கிடையாது என்று நான் சொல்லவில்லை. உண்டு. கறி சாப்பிட்ட பாத்திரம் என்று முகம் சுளிப்பவர், தனி மேசை கேட்பவர், கறிக்கடைக்காரரையே கீழாகப் பேசுபவர் எவராயினும் சேரன்மாதேவியில் கொடுத்த பதிலையே அவருக்கும் கொடுக்க வேண்டும். சட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு மற்றவர் தட்டுக்கு வருகிறவர்களும் அப்படித்தான். 2003-இல் தமிழக அரசு கோயில்களில் கிடாவெட்டைத் தடுக்கப் பழைய சட்டத்தைத் தூசி தட்டியபோது குலதெய்வம் கும்பிடும் மக்கள் எதிர்த்தது சரி. 2004-இல் அந்தச் சட்டமே போனதும் சரி. சத்துணவில் ஏழைக் குழந்தையின் முட்டையைப் பறிக்கச் சில மாநிலங்களில் அவ்வப்போது கிளம்பும் பக்திமான்களோடு எனக்கு ஒட்டும் இல்லை உறவும் இல்லை. அதிகாரம் உள்ளவன் அடுத்தவன் தட்டிலிருந்து எடுப்பதும், அதிகாரமே இல்லாத ஒரு மாணவி தன் தட்டில் போடாதே என்பதும் ஒன்றென்று வாதிடுவதற்குப் பெயர் முற்போக்கு இல்லை, சோம்பேறித்தனம்.

வசதி உள்ளவர் பொழுதுபோக்கா? கடையில் பாதாம்பாலும் வீகன் சீஸும் வாங்கினால் ஆமாம், பர்ஸ் காலியாகும். உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022-இல் வீகன் பொருள்களுக்கென்று தனி விதிமுறையே கொண்டுவந்த அளவுக்கு அந்தச் சந்தை வளர்ந்திருக்கிறது. விளம்பரம் கண்ணில் படுவதால் அதுதான் வீகன் வாழ்க்கை என்று ஒரு பிரமை. நான் பார்த்த விடுதிப் பிள்ளைகளின் யதார்த்தம் இட்லி சாம்பார், சுண்டல், கடலை, கீரை, பழம். அங்கே உண்மையான ஏழ்மை வேறு ரகம். கறி போடும் நாளில் டோக்கன் நீட்டினால் ஒரு பக்கம் சிக்கன், மறுபக்கம் பன்னீர். இரண்டும் வேண்டாதவன் வெறும் சாதத்தோடு ரசம் ஊற்றிக்கொண்டு முழு மெஸ் பில்லும் கட்டுகிறான். தினசரி டம்ளர் பாலுக்கும் தயிருக்கும் அவன் பங்கு பிடிக்கப்படுகிறது. விடுதிப் பொங்கல் விழாவில் பாயசத்துக்கு வரிசையில் நிற்காத ஐந்தாறு பேருக்காகத் தேங்காய்ப்பாலில் ஒரு சின்னக் குண்டான் தனியாக வைக்கலாமே என்று சொன்னபோது, மெஸ் கமிட்டியில் வந்த பதில் நீங்கள் ஊகிப்பதுதான்: "வருஷத்துல ஒரு நாள் சார், அட்ஜஸ்ட் பண்ணிக்கட்டும்."

உடம்பைப் பற்றிய கவலைக்கு அதிகம் எழுத வேண்டியதில்லை. பி12 என்ற வைட்டமின் செடிகொடிகளில் கிடைக்காது. வீகன்கள் மாத்திரையோ அது சேர்த்த உணவோ எடுத்தே ஆக வேண்டும். எடுக்காமல் வீறாப்புப் பேசுபவனை அம்மா திட்டலாம், நானும் சேர்ந்து திட்டுகிறேன். பயறும் பருப்பும் எள்ளும் கீரையும் ஒழுங்காகச் சாப்பிடாமல் உருளைக்கிழங்கு சிப்ஸிலேயே காலம் தள்ளினால் உடம்பு கெடும், அது யாருக்கும் பொருந்தும். ஆனால் தீபாவளி ஒரே நாளில் மூன்று வேளையும் எண்ணெயில் பொரித்ததைத் தின்றுவிட்டு லேகியத்தைத் தேடுகிற கூட்டம், அந்த ஒரு நாளை மட்டும் பிடித்துக்கொண்டு சத்துக்குறைவு பற்றிப் பாடம் எடுப்பது கொஞ்சம் அதிகம்.

பால் விற்றுப் பிழைக்கும் குடும்பங்கள் என்ன ஆவது என்று கேட்பவரை நான் மதிக்கிறேன். அது நிஜமான கேள்வி. மாட்டை விட்டால் வேறு வருமானமில்லாத பெண்கள் பல லட்சம் பேர் பால் சொசைட்டி வாசலில் காலையில் கேனோடு நிற்கிறார்கள். அதற்கு இருபது வயதுப் பிள்ளையிடம் பதில் இல்லை. என்னிடமும் முழுப் பதில் இல்லை. கொள்முதல் விலை கட்டுப்படியாகவில்லை என்று அவர்கள் சாலையில் பாலைக் கொட்டியபோது சேனல் மாற்றியவர்கள், தீபாவளியன்று அண்ணன் மகள் நெய் வேண்டாம் என்றதும் அவர்களுக்காகக் கண்ணீர் விடுவதை மட்டும் நம்ப முடியவில்லை.

வீகன் பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பந்தியில் எல்லோரும் வாயில் வைக்கும் நேரம் பார்த்துக் கைபேசியில் கசாப்புக்கூடப் படம் காட்டாதீர்கள். ஆச்சி ஆசையாகக் கொண்டுவந்த தட்டைக் கையால் தள்ளாதீர்கள். வாங்கிப் பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுங்கள், ஆச்சியின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், வேண்டாம் என்பதை மெதுவாகச் சொல்லுங்கள். ஆனால் சொல்லுங்கள். ஒரு நாளுக்கு மட்டும் கழற்றி வைக்க முடிகிற கொள்கை என்று நீங்களே காட்டிவிட்டால், அடுத்த வருடம் உங்களை யாரும் கேட்கக்கூட மாட்டார்கள். நேராக இலையில் போட்டுவிடுவார்கள்.

எல்லாம் பேசி ஓய்ந்தபின் சித்தப்பாவின் கடைசி அஸ்திரம் வரும்: "எல்லாம் காலேஜ் முடியிற வரைக்கும்தான். வேலைக்குப் போனா, கல்யாணம் ஆனா, தானா விட்ருவான்." விட்டாலும் விடுவான். வருடந்தோறும் மலைக்குப் போன சித்தப்பாவே முட்டி வலிக்குப் பிறகு மாலை போடுவதை நிறுத்திவிட்டார். அதனால் அவர் போன மலையெல்லாம் பொய்யாகிவிடுமா? விடும்போது விடட்டும். இப்போதைக்கு முறுக்கு மாவில் வெண்ணெய் போடுவதற்கு முன் ஒரு பங்கைத் தனியாக எடுத்து வைத்தால் வேலை முடிந்தது. தேங்காய் துருவுவதற்கு வீட்டில் ஆளில்லையே என்று இத்தனை வருடம் அம்மா அலுத்துக்கொண்டிருந்தார். இப்போது தானாகவே ஒருவன் துருவலோடு வந்து உட்கார்ந்திருக்கிறான், அவனை ஏன் சார் எழுப்பி அனுப்புகிறீர்கள்?